கால் படாத இடம்

அப்பா “போதும்” என்று சொன்னது காருக்குள் வைத்து. கிள்ளானில் டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கில் நான் நிறுத்தியபோது, முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, “இனிமே வரலம்மா. போதும்,” என்றார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் இலைக்கு மேல் கையை நீட்டுவோமே, அந்தக் குரல். பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். வாரத்துக்கு மூன்று முறை அந்த இயந்திரம் அப்பாவின் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பது மூவருக்குமே தெரியும். தெரிந்ததால் யாரும் அதைப் பேசவில்லை. அடுத்த முறை நான் கார்ச் சாவியோடு போய் அவர் முன்னால் நின்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார். ஆனால் சாவியைக் கொக்கியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு காலையும், இன்றைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பேன். தூக்கிக்கொண்டு போக முடியுமா? கட்டிப்போட்டு ஊசி குத்த முடியுமா?

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு ஜொகூர் வரை போயிருக்கிறேன். பால் விடாத தேநீரான தே ஓவை ஐஸ் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு பை தீர்வதற்குள் அடுத்த பை வந்துவிடும். அப்படிக் குடித்த மனிதருக்கு இப்போது ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன போத்தல் தண்ணீர். காலையில் அம்மா நிரப்பி மேசையில் வைப்பார். மாத்திரைக்கும் அதில்தான், நாக்கை நனைக்கவும் அதில்தான். சாப்பாட்டில் உப்புக் கிடையாது. உப்பு சேர்ந்தால் தாகம் எடுக்கும், தாகத்துக்குக் குடித்தால் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். போதாததற்குச் சர்க்கரை வியாதி அவர் பாதங்களின் உணர்ச்சியைக் கொண்டுபோயிருந்தது. ஒருமுறை காலில் ஸ்டேப்ளர் ஊசி ஏறியதை, தரையில் இரத்தத்தைப் பார்த்த பிறகு அம்மாதான் கண்டுபிடித்தார்.

இயந்திரம் இல்லாத நாட்களில் அவர் ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டிவி ஓடும், சத்தம் இருக்காது.

நான் அப்போது வீட்டில் சும்மா இருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, அது முடிந்து அடுத்தது கிடைக்கவில்லை. சும்மா இருப்பது எனக்கு வராது. யுகுலேலே, கொரிய மொழி, வாசனை மெழுகுவர்த்தி என்று நான் தொடங்கிப் பாதியில் விட்டவை வீட்டில் எல்லா அலமாரியிலும் இருந்தன. அதனால், வாசலில் பூச்செடி போடப்போகிறேன் என்றபோது அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், “சரி, அதையும் செய்,” என்றார்.

இது அந்த மாதிரி இல்லை என்று அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கே அதைச் சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது. நான் யோசித்தது இவ்வளவுதான்: அந்த மனிதர் கதவைத் திறந்து வெளியே வருவதற்கு ஏதாவது வேண்டும். நேற்று இருந்ததிலிருந்து இன்றைக்கு மாறியிருக்கும் ஒன்று, நாளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்கவைக்கும் ஒன்று. மரம் சரிவராது. மாங்கன்று வைத்துவிட்டு அவரை ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை வைத்து, செத்துப்போகும் செடிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் அவசரம், எனக்கும் அவசரம்.

எங்கள் வரிசை வீடு மேற்குப் பார்த்தது. கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கும் கேட் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண். மண் என்றால், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் செம்மண் கட்டியும்தான். தெருவில் மரமே கிடையாது. மதியம் தொடங்கினால் வெயில் விழுந்து மறைகிற வரை அந்த இடம் தோசைக்கல். அம்மா வைத்த கறிவேப்பிலை அங்கே வருவதற்குப் பயந்து செத்தது என்று அப்பா சொல்வார்.

ஆனால் வெயிலைக் கேட்டு வாங்கும் செடிகளும் உண்டு. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டு, காஸ்மோஸ். எல்லாம் காய்ந்த மண்ணில், கொளுத்தும் வெயிலில், அதிக உரம் கேட்காமல் பூக்கிறவை. உரம் கூடினால் இலையாகத் தள்ளிப் பூவை மறந்துவிடுமாம். ஓரத்துக்குப் பத்து மணிப்பூ. மலாயிலும் அதற்கு அதே பெயர்தான். வெயில் ஏறினால் திறக்கும், சாய்ந்தால் மூடிக்கொள்ளும். சுங்கை பூலோ நர்சரிக்குப் போய் விதையும் தேங்காய் நார்த் தூளும் வாங்கினேன். அங்கே இருந்த சீன ஆன்டி என் பட்டியலைப் பார்த்துவிட்டு, வீட்டில் நிழலே இல்லையா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உனக்கு அதிர்ஷ்டம் லா, என்றார். செண்டு விதை மட்டும் வாங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் பூசைக்குப் போட்ட மாலை ஒன்று காய்ந்து என் பைக்குள் கிடந்தது. அதன் பூக்களைப் பிய்த்தால் உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக ஊசி ஊசியாக விதை.

மண்ணைக் கொத்த எனக்குத் தெரியவில்லை. கம்பியை வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் அப்பா திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஜன்னலைத் திறந்து, பிணத்தைப் புதைக்கப்போகிறாயா என்று கேட்டார். நான் திரும்பவேயில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவார்.

ஜினியாதான் முதலில் எட்டிப்பார்த்தது. மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு, இரண்டு குண்டு இலைகளோடு. அன்றைக்குக் காலை அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போர்ச் நிழலில் போட்டார்.

“என்ன புள்ள இது, கீரையா?”

“பூவுப்பா.”

“கீரைன்னா கடைஞ்சாவது சாப்பிடலாம்.”

“கீரை உங்களுக்கு ஆகாது. பொட்டாசியம்.”

“அப்ப பூவே இருக்கட்டும்,” என்றார்.

அதிலிருந்து தினமும் வந்தார். மதிய வெயில் ஏறுகிற வரை உட்கார்ந்திருப்பார். எது எங்கே முளைத்தது, எதைப் பூனை கிளறியது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்துக்குப் போகும் நாட்களில், காரில் ஏறுவதற்கு முன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறுவார். போதும் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

எங்கள் கேட்டைத் திறந்தால் எல்லோரும் அந்த மண் மூலையைக் குறுக்கே மிதித்துத்தான் உள்ளே வருவார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கடிதம் கொண்டுவருகிறவர், அம்மாவின் சீட்டுக் கூட்டாளிகள் எல்லோரும். நான் மூங்கில் குச்சி நட்டு, சிவப்பு ராஃபியா கயிறு கட்டினேன். இந்தக் கயிற்றுக்குள் ஒரு மனுஷக் கால் படக்கூடாது என்று வீட்டிலும் தெருவிலும் அறிவித்தேன். தண்ணீர் ஊற்ற நான்கூட வெளியே நின்றுதான் குவளையை நீட்டினேன். அம்மா என் அறிவிப்பைக் கவனமாகக் கேட்டார். “யாருமே மிதிக்க மாட்டாங்களா?” என்று ஒருமுறை கேட்டார். யாருமே, என்றேன். அந்தக் கேள்வியை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அது கேள்வியாகவே எனக்குப் படவில்லை.

பத்து மணிப்பூ முதலில் பூத்தது. மஞ்சள், குங்குமச் சிவப்பு, லோரி பெயிண்ட் போல ஒரு பிங்க். பத்து மணிக்குத் திறக்கிறதா என்று அப்பா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேட், இதை வேலைக்கு வைக்க முடியாது, என்றார். பிறகு ஜினியாவில் மொட்டு வைத்தது.

மழை நின்று வெகு நாள் ஆகியிருந்தது. வானம் மதியத்துக்கு மேல் வெள்ளையாக எரிந்தது. ஆனாலும் எனக்குக் கவலையில்லை. இவை வெயில் செடிகள்தானே. ஒரு நாள் போர்ச் ஓரத்தில் இருந்த ஜினியாவின் இலை விளிம்பு, தீக்குச்சி காட்டியது போல் பழுப்பாகச் சுருண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூட ஊற்றினேன். மறுவாரம் அதன் பக்கத்துச் செடி. தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். செண்டுக்கும் வந்தது. கறுப்பு வலை வாங்கி நிழல் கட்டினேன். வலையைக் கழற்றினேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். விரலை மண்ணுக்குள் விட்டால் ஈரம் இருக்கிறது, ஆனால் செடி தலையைத் தொங்கப்போட்டுத் தாகத்தில் கிடக்கிறது. அதுதான் எனக்குப் புரியவேயில்லை. ஈரத்தில் நின்றுகொண்டு எப்படி ஒரு செடி தாகத்தில் சாகும்?

பக்கத்து வீட்டு அண்ணன் மீது சந்தேகம் வந்தது. வாரா வாரம் நுரை நுரையாகக் கார் கழுவுவார். போய், உங்கள் சோப்புத் தண்ணீர் இங்கே வருகிறது என்றேன். அவர் குழாயை மூடிவிட்டு என் கூடவே நடந்து வந்து, தன் வீட்டுச் சாக்கடையைக் கை காட்டினார். “தங்கச்சி, எங்க வீட்டு லோங்காங் அந்தப் பக்கம் ஓடுது. உங்க வீடு மேடு. தண்ணி ஏறி வந்து உங்க செடியைக் கொல்லுமா?” என்றார். பிறகு செடிகளைப் பார்த்து, “ஐயோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஐயோதான் அதிகமாக வலித்தது.

கோழிக்கொண்டை சாய்ந்தது. வாடாமல்லி பூவே வைக்காமல் காய்ந்தது. நான் தூங்காமல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேர் அழுகல், பூஞ்சை, நூற்புழு. உலகத்தில் செடிக்கு வரும் எல்லா நோயும் எங்கள் செடிக்கு இருந்தது. ஓரத்துப் பத்து மணிப்பூ மட்டும் ஒன்றும் நடக்காதது போல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அப்பா நாற்காலியைப் போர்ச்சிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டார். திரைச்சீலை மறுபடி மூடியது. ஒரு மதியம் நான் குவளையோடு கதவருகில் நின்றபோது உள்ளேயிருந்து பேசினார்.

“தண்ணி கண்ணு முன்னாடி இருக்கு. குடிக்க முடியல. அப்படி எதுக்கும்மா இருக்கணும்? விடு, போகட்டும்.”

செடியைத்தான் சொன்னார். நான் குவளையைத் தரையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் தண்ணீர் வெட்டு வந்தது. சிலாங்கூர் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆற்றில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள், சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்கள், குழாய் இருமிவிட்டு நின்றுவிட்டது. பேசின், வாளி, சோற்றுப் பானை, என் பழைய மெழுகுவர்த்திச் சட்டி என எல்லாவற்றிலும் பிடித்துவைத்தோம். டயாலிசிஸுக்கும் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். “சனிக்கிழமை மெசின் ஓடாது,” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டயாலிசிஸ் சென்டரிலிருந்து தாதி போன் செய்தார். தண்ணீர் டாங்கி லோரி வந்துவிட்டது, நேரம் கொஞ்சம் குறையும், ஆனால் கட்டாயம் வரச் சொல்லுங்கள் என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்தபடி தலையை ஆட்டினார், இல்லை என்று.

“அப்பா.”

“போவல.”

“டாங்கி வந்துருச்சாம்.”

“வேற யாருக்காவது ஊத்தட்டும்.”

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாமி அறைக்குப் போனார். விளக்கு வைத்தார். பிறகு வழக்கம்போல் கையில் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து, அப்பாவை மூன்று முறை வலமும் மூன்று முறை இடமும் சுற்றினார். வெள்ளிக்கிழமை தோறும் நடப்பதுதான். அப்பா ஜன்னலைப் பார்ப்பது போல் உட்கார்ந்து காட்டுவார். சுற்றிய உப்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுச் சாமி அறையில் வைத்துவிடுவார் அம்மா. அது கரைவது போல் கண்ணேறும் நோயும் கரைந்துபோகும். காலையில் யாரும் எழுமுன் எடுத்துப்போய் ஊற்றிவிடுவார். எங்கே ஊற்றுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. யார் கேட்பார்கள் அதை?

சனிக்கிழமை காலை எனக்குத் தூக்கமில்லை. சாவியை எடுக்கவும் தைரியமில்லை. வாசலுக்குப் போய்க் கயிற்றுக்கு வெளியே குந்தினேன். கடைசி ஜினியாவின் காலடியில், ஈர மண்ணில், வெள்ளையாக ஏதோ மினுங்கியது. கண்ணாடித் தூள் என்று நினைத்தேன். தொட்டேன். நாக்கில் வைத்தேன்.

கல்லுப்பு.

தண்ணீர் வெட்டு என்பதால் அம்மா கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர்தான் விட்டிருக்கிறார். உப்பு முழுதாகக் கரையவில்லை.

உள்ளே ஓடினேன். அம்மா பாத்திரத்தைத் தண்ணீரில் கழுவ முடியாமல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உப்பை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டேன். கேட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

“அங்கதான். முன்னெல்லாம் பின்னால லோங்காங்ல ஊத்துவேன். இப்ப மேல பலகை போட்டு ஊரே நடக்குது. சுத்திப்போட்டத கால் படாத இடத்துலதான்டி ஊத்தணும். நீதானே சொன்ன, யாரு காலும் படாதுன்னு.”

“எத்தனை வாரமா?”

“நீ கயிறு கட்டுனதுல இருந்து. இப்ப அவருக்கு மோசமாப் போவுதேன்னு செவ்வாக்கிழமையும் சேத்துப் போடறேன்.”

செடி வாடியது. வாடியதைப் பார்த்து அப்பா வாடினார். அப்பா வாடியதைப் பார்த்து அம்மா உப்பைக் கூட்டினார். உப்புக் கூடக் கூடச் செடி இன்னும் வாடியது. மழை பெய்திருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்கும்; மழையும் இல்லை. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் எத்தனை ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. உப்பைத் தாங்குகிற பத்து மணிப்பூ மட்டும் தாங்கியது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரிந்து என்ன, வாய் நிற்கவில்லை. நீங்கள்தான் கொன்றீர்கள் என்றேன். அப்பா வெளியே வந்து உட்கார்ந்ததற்கு இருந்த ஒரே காரணத்தை நீங்கள்தான் உப்புப் போட்டுக் கொன்றீர்கள் என்றேன். இனி ஒரு கல் உப்பு வாசலுக்கு வரக்கூடாது என்றேன்.

அம்மா அழுதுகொண்டேதான் பேசினார், ஆனால் குரல் இறங்கவில்லை. “நாலு வருசமா அந்த மெசின்தான் அவரை வச்சிருக்குன்னு நீ நெனைக்கிற. நான் அப்படி நெனைக்கல. நான் நிறுத்த மாட்டேன். உனக்குப் பூ வேணுமா, உங்கப்பா வேணுமா?”

“எனக்கு அப்பா வேணும்னுதானே பூவே போட்டேன்.”

அதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் அப்பா ஹால் வாசலில் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அம்மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. வெளியே போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று செடிகளைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

“அத்தனை உப்பா? அவ்ளோ பேரு கண்ணா எம்மேல? மொட்ட லோரிக்காரன் மேல?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கொக்கியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“எங்கப்பா?”

“மெசினுக்குத்தான். இங்க இருந்தா காது போயிடும்.”

காரில் நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையை எடுத்தாலும் அது கண்ணைத் துடைக்கப் போய்விடும். அந்த மண் இனி அவ்வளவுதானா என்று அப்பா கேட்டார். கழுவலாம் என்றேன். நிறையத் தண்ணீர் விட வேண்டும், உப்பைக் கரைத்துக் கீழே இறக்க வேண்டும், வடிந்ததும் மறுபடி விட வேண்டும், மறுபடி வடிய வேண்டும்.

“எவ்ளோ நேரம்?”

“தெரியலப்பா. திரும்பத் திரும்ப.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கயிறு போல் புடைத்த நரம்பு. “உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும். அந்த மண்ணுக்காவது குடு. நமக்குத்தான் அதுவும் இல்ல,” என்றார். சென்டர் வாசலில் இறங்கும்போது, “இன்னிக்கு வந்தேன். அவ்ளோதான். அடுத்தது அடுத்த தடவை,” என்றார். அதைத்தான் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

குழாயில் தண்ணீர் நடுவாரம் திரும்பியது. முதலில் காற்று, பிறகு டீ நிறத்தில் சேறு, பிறகு நூல் மாதிரித் தண்ணீர். செத்த செடிகளைப் பிடுங்கினேன். வேர்கள் விரல் நீளம்கூட இல்லை. கீழே போகவே பயந்தது போல் சுருண்டிருந்தன. பத்து மணிப்பூவை மட்டும் விட்டேன். நானும் அம்மாவும் ஒருவர் மீது ஒருவர் படாமல் வீட்டுக்குள் நடந்தோம். செவ்வாய்க்கிழமை உப்புச் சுற்றினார். அதை எங்கே கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் சுற்றினார்.

சனிக்கிழமை காலை தண்ணீர் வேகமாக வந்தது. விடிந்தும் விடியாததுமாகக் குழாயை இழுத்துப் போய் மண்ணில் விட்டேன். தண்ணீர் தேங்கி, குமிழியிட்டு, கேட்டுக்கு அடியில் பழுப்பாக வழிந்து சாக்கடைக்குப் போனது. அம்மா கதவைத் திறந்தார். கையில் கிண்ணம். என்னைப் பார்த்ததும் படியில் நின்றுவிட்டார்.

நான் கயிற்றுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா நகரவில்லை.

“பின்னால எல்லாம் நடக்குறாங்கடி,” என்றார். கெஞ்சுகிற குரல். “செவ்வாக்கிழமை சுத்துனத பாத்ரூம்ல ஊத்திட்டேன். பயம் பயமா வருது. எங்கடி கொண்டு போவேன் நான்?”

அவருக்கு அந்தக் கிண்ணத்தில் இருந்தது அப்பாவின் நோய் முழுதும். எனக்கு அந்தக் குழாயில் இருந்தது அதேதான். எங்கள் இருவரிடமும் வேறு எதுவுமே இல்லை.

அப்பா சென்டருக்குக் கிளம்பி, போர்வையும் தலையணையும் வைத்த பையோடு அம்மாவுக்குப் பின்னால் வந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்தார். பையைக் கார் மேல் வைத்தார். செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். நான் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்வதற்குள் ராஃபியா கயிற்றைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கிவிட்டார். அம்மா, செங்கல் இருக்கும், கண்ணாடி இருக்கும், கால், கால் என்று பதறினார். அப்பா ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சேற்றை மிதித்து நடந்தார். மெதுவாக, ஒரு அடி விடாமல். பத்து மணிப்பூவை மட்டும் சுற்றிப் போனார்.

“இப்ப கால் பட்டுருச்சு,” என்றார் அம்மாவிடம். “வேற இடம் பாரு.”

அம்மா கிண்ணத்தைக் கேட் தூண் மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினார், துண்டு எடுத்துவர. விரல் இடுக்கில் ஈரம் நின்றால் புண்ணாகிவிடும்.

அப்பா அங்கேயே நின்றார். குழாய்த் தண்ணீர் அவர் பாதங்களின் மேல் ஏறி ஓடியது. வீங்கிய, கறுத்த, பளபளப்பான பாதங்கள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவன் அடுத்த மேசையைப் பார்ப்பது போல் இருந்தது. குழாயை மூடலாமா என்று நினைத்தேன். கை வரவில்லை.

“புள்ள,” என்றார். “சில்லுன்னு இருக்கா?”

அவருக்குத் தெரியவில்லை. நான் செலிப்பரை உதறிவிட்டு அவர் பக்கத்தில் இறங்கினேன். மண் என் கால் விரல்களுக்கு நடுவே பிதுங்கியது. தண்ணீர் கணுக்காலைச் சுற்றிப் போனது.

“ஆமாப்பா,” என்றேன். “ரொம்பச் சில்லுன்னு இருக்கு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அம்மா துண்டோடு வந்துவிட்டார். சென்டருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.